காசியில் விட்ட கத்திரிக்காய்

மே 22, திங்கள்

இந்த டைரியை லாரி செட்டுக்காரர்கள் புது வருஷத்துக்குக் கொடுத்தார்கள். ஐந்து மாதமாக லாரி நம்பரையும் மழையையும் தவிர இதில் எதுவும் எழுதவில்லை. இன்று எழுத ஒரு சங்கதி இருக்கிறது.

நாலு வருஷமாக வலது தொடை இடுக்கில் ஒரு வீக்கம். காலையில் மல்லாக்கப் படுத்து இரண்டு விரலால் அழுத்தினால் 'களுக்'கென்று உள்ளே போய்விடும். லங்கோட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மண்டிக்குக் கிளம்பிவிடுவேன். எலுமிச்சை அளவில் இருந்தது, இப்போது மாதுளை. இன்று உள்ளே போகவில்லை. குளியலறைத் தரையில் முட்டியை மடக்கிக்கொண்டு, வியர்த்து ஊற்ற, ஒரு மணி நேரம் கிடந்தேன். பாக்கியம் கதவைத் தட்டினாள்.

"குளிக்கிறேன்" என்றேன்.

"தண்ணிச் சத்தத்தையே காணோமே?"

முப்பது வருஷம் குடித்தனம் செய்தவளிடம் பொய் சொல்வது, பழுத்த யாவாரியிடம் வண்டு விழுந்த உளுந்தை விற்கப் பார்ப்பது மாதிரி. கதவைத் திறந்தேன். பார்த்துவிட்டு அவள் அழவில்லை. "எத்தனை நாளா?" என்றாள். நாலு வருஷம் என்றேன். அப்புறம் போனை எடுத்து மதுரை ஆஸ்பத்திரியில் நாள் வாங்கினாள்.

ஒன்பது மணிக்கு அதுவாகவே உள்ளே போய்விட்டது. பத்து மணிக்கு மண்டியில் இருந்தேன்.

மே 24, புதன்

மதுரைக்குப் போனோம். டாக்டர் பெயர் நளாயினி. முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு பொம்பளைப் பிள்ளை முன்னால் வேட்டியை இறக்குவது என்றால், எங்கள் ஊர் விருதுநகரில் எவனாவது பார்த்துவிட்ட மாதிரி இருக்கிறது.

"நின்னுக்கிட்டே இருமுங்க" என்றாள். இருமினேன். சாக்குக்குள் கைவிட்டு உளுந்து பார்ப்பதுபோல விரலை வைத்துப் பார்த்தாள். "இன்னொரு தடவை. நல்லா."

குடலிறக்கம். வயிற்றுச் சுவர் கிழிந்து குடல் எட்டிப் பார்க்கிறது. "சாக்கு கிழிஞ்சா தானியம் வருமே, அதானம்மா?" என்று கேட்டேன். அவளுக்குச் சந்தோஷம். "அதேதான். நாங்க உள்பக்கமா ஒரு வலை வெச்சு ஒட்டுப் போடுறோம். வயித்துல மூணு சின்ன ஓட்டை. அது வழியாவே கேமரா, கருவி எல்லாம் போயிடும்."

குத்தூசி வேலைதான். மூட்டையைப் பிரிக்காமல் ஊசியைச் செருகி ஒரு பிடி சரக்கை வெளியே எடுத்துப் பார்ப்போமே, அது. நாற்பது வருஷமாக நான் ஊருக்குப் போட்டேன். இப்போது எனக்குப் போடுகிறார்கள்.

அன்றைக்கு மாட்டின மாதிரி மறுபடி மாட்டி, ரத்த ஓட்டம் நின்றால் குடல் அழுகிவிடுமாம். தள்ளிப்போட முடியாது. ஜூன் 14 என்று முடிவானது.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"உளுந்து மண்டி."

"மூட்டை தூக்குவீங்களா?"

"அதெல்லாம் அந்தக் காலம்."

எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது, "ஆபரேஷன் முடிஞ்சு எத்தனை நாள்ல மூட்டை தூக்கலாம்?" என்று வாய் கேட்டுவிட்டது. அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அந்தக் காலம்னீங்களே?"

ஆறு வாரத்துக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் கூடாதாம். நூறு கிலோ என்றால் எப்போதுமே வேண்டாமாம். யாவாரத்தில் முதலில் சொல்கிற விலையை யாரும் ஒத்துக்கொள்வதில்லை. ஜூன் 14 முதல் ஆகஸ்ட் 3 வரை எண்ணிப் பார்த்தேன். ஏழு வாரம், ஒரு நாள். போதும்.

மே 26, வெள்ளி

ஏன் ஆகஸ்ட் 3 என்று எழுதி வைக்கிறேன்.

ஆடிப்பெருக்கு அன்று ஓணச் சரக்கின் முதல் லாரி கொல்லத்துக்குக் கிளம்பும். அங்கே அப்பளக் கம்பெனிகளுக்கெல்லாம் உளுந்து கொடுக்கிற சுகுமாரன் முதலாளி அன்று நேரில் வந்து நிற்பார். என் 'ஏணி மார்க்கா' சாக்கில் இருந்தால் அவர் குத்தூசி போடமாட்டார், அப்படியே ஏற்றச் சொல்வார். பதிலுக்கு, முதல் மூட்டையைக் கடைக்காரன் தன் முதுகிலேயே சுமந்து லாரியில் வைக்க வேண்டும். "சரக்குக்கு உடையவன் அதோட கனம் அறியணும் அண்ணாச்சி" என்பார். இப்போதெல்லாம் மூட்டை ஐம்பது கிலோ. முதல் மூட்டை மட்டும் பழையபடி நூறு. இருபத்தைந்து வருஷமாக நான்தான் தூக்குகிறேன். நான் தூக்காவிட்டால் தூக்குகிறவனிடம் கொல்லம் போய்விடும். கொல்லம் போனால் என் மண்டியில் மிச்சம் இருப்பது தராசும் எலியும்தான்.

படுத்த யாவாரியைச் சந்தை எப்படி நடத்தும் என்று எனக்குத் தெரியும். பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஆகையால் நானும் பாக்கியமும் காசிக்குப் போகிறோம். ஊருக்கு அப்படித்தான் சொல்லப் போகிறோம். போக, வர, தங்க என்று பதிமூன்று நாள் கணக்குச் சரியாக வருகிறது. உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று பாக்கியம். இன்னொன்று தங்கப்பழம். எங்கள் தெரு லோடுமேன்களுக்கு அவன் மேஸ்திரி. பதினெட்டு வயதில் நானும் அவனும் ஒரே இடத்தில் மூட்டை சுமந்தவர்கள். சந்தையில் என்னை 'முதலாளி' என்பான், தனியாக இருந்தால் 'வெயிலு'. வெயிலுமுத்து என்ற முழுப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறவன் பேங்க் மேனேஜர் மட்டும்தான்.

"சந்திரனுக்காச்சும் சொல்லுங்க" என்றாள் பாக்கியம். சந்திரமோகன் அவள் தம்பி. மாமனார் இறந்ததிலிருந்து எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை, அவன்தான் பிள்ளை. பதினைந்து வருஷமாக என் கல்லாவில் உட்காருகிறான்.

"கல்லாவுல உக்காருறவனுக்கு மொதலாளியோட ஓட்டை தெரியக்கூடாது."

"எங்க அப்பா ஒங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் படுத்தாரு" என்றாள்.

 அவளுக்கு யாவாரம் தெரியாது.

ஜூன் 13, செவ்வாய்

மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். சவரம் செய்ய வந்த ஆள் சாத்தூர்க்காரன். உளுந்து விலை கேட்டான். பொய்ப்பல் உண்டா, பீடி உண்டா, ராத்திரி மூச்சு முட்டுமா என்று மயக்க டாக்டர் விசாரித்தார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட பாக்கியத்தை இவ்வளவு கேட்டிருக்க மாட்டார்கள். பின்பக்கம் திறந்த பச்சை அங்கி. பணக்காரன் ஏழை எல்லாருக்கும் ஒரே அங்கி, ஒரே திறப்பு.

ஜூன் 14, புதன்

முடிந்தது. இருமினால் உயிர் போகிறது.

ஜூன் 16, வெள்ளி

வயிற்றில் குத்தியிருக்கிறார்கள், வலிப்பது தோள்பட்டை. உள்ளே ஊதின காற்று மேலே ஏறி நிற்கிறதாம். இரண்டு நாளாக வெளிக்குப் போகவில்லை. தும்மல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பாக்கியம் சிரிப்பு மூட்டினால் அவளை வெளியே அனுப்பிவிடுவேன் என்று நர்ஸ் மிரட்டினாள்.

உடற்பயிற்சி சொல்லித்தர ஒருவர் வந்தார். "எந்திரிக்கும்போது மூச்சை வெளிய விடுங்க. மூச்சைப் புடிச்சுக்கிட்டு முக்குனா அழுத்தம் பூரா அடிவயித்துல போய் முட்டும். உங்களுக்குக் கிழிஞ்சதே அப்படித்தான்." காலை அகட்டி, முட்டியை மடக்கி, முதுகை நிமிர்த்தி, மூச்சை ஊதி எழ வேண்டும். நாற்பது வருஷத்தில் இதை எவனும் எனக்குச் சொல்லவில்லை. பல்லைக் கடித்து மூச்சைப் பிடித்தால்தான் ஆம்பிளை என்று இருந்தோம்.

பாக்கியம் கழிவறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போகிறாள், கஞ்சியை ஆற்றித் தருகிறாள். ஒரு முகச்சுளிப்பு இல்லை. மத்தியானம் செல்போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய் ரொம்ப நேரம் பேசினாள்.

"யாரு?"

"அடுத்த வீட்டுக்காரி. செடிக்குத் தண்ணி ஊத்தச் சொன்னேன்."

எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு துளசிச் செடி, ஒரு கற்றாழை.

ஜூன் 26, திங்கள்

காசியிலிருந்து வந்து சேர்ந்தோம்.

சீல் வைத்த கங்கைச் சொம்பு, கறுப்புக் கயிறு எல்லாம் தங்கப்பழம் மதுரையில் வாங்கி முந்தின நாளே கொண்டுவந்து கொடுத்திருந்தான். மண்டியில் லோடுமேன்கள் வரிசையில் நின்று காலில் விழுந்தார்கள். காசிக்குப் போனவன் காலில் விழுந்தால் புண்ணியமாம். குனிந்து தூக்கிவிட முடியாமல் சாமி சிலை மாதிரி நின்றேன். அதையும் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். தங்கப்பழமும் வரிசையில் நின்று கையை நீட்டினான். சிரிப்பை அடக்கிக்கொண்டு எல்லாரையும் போல அவனுக்கும் கயிறு கட்டினேன்.

"அண்ணாச்சி, காசியில எதை விட்டீங்க?" என்று கேட்டார் எதிர்க்கடை பருத்திவிதைக்காரர். காசிக்குப் போனால் பிடித்த காய் ஒன்றையும் பழம் ஒன்றையும் அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும், திரும்பத் தின்னக்கூடாது. இதை நான் யோசித்து வைக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: "கத்திரிக்காய்." உலகத்தில் எனக்குப் பிடித்த காய் அது ஒன்றுதான். பிடித்ததைத்தான் நாக்கு முதலில் எடுத்துக் கொடுக்கும்போல.

சந்திரன் கல்லாவிலிருந்து எழுந்து வந்து கும்பிட்டான். "அங்க குளிரா அத்தான்?"

"லேசா இருந்துச்சு."

"ஜூன் மாசத்துலயா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். வயிறு வலித்தது.

ஜூலை 1, சனி

மத்தியானம் வீட்டில் கத்திரிக்காய்க் குழம்பு வாசனை. எனக்கு மட்டும் பூசணிக்காய். "காசியில விட்டாச்சே" என்றாள் பாக்கியம். யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். "சொன்ன வாய் ஒங்க வாய்தான?" என்றாள்.

தங்கப்பழம் வந்திருந்தான். "வெயிலு, காயத்தக் காட்டுப்பா. பெருசாக் கிழிச்சாங்களோ? எத்தன தையல்?" அவன் முதுகிலும் முழங்காலிலும் எத்தனையோ தழும்பு. மூன்று பொட்டுக் காயத்தைக் காட்டி அவன் முன்னால் குழந்தையாக இஷ்டமில்லை. "இருபது தையல். கட்டுப் பிரிக்கக் கூடாதுன்னுட்டாங்க" என்றேன். "அடேயப்பா!" என்று என் தலையைத் தடவினான்.

ஜூலை 10, திங்கள்

மாமனாரின் பழைய கடையில் காலிச் சாக்கு அடுக்கியிருந்தேன். இன்று போனால் சாக்கு எல்லாம் பின்கட்டுக்குப் போயிருக்கிறது, கடைக்கு வெள்ளை அடிக்கிறார்கள். "எலித் தொல்லை அத்தான்" என்றான் சந்திரன். அந்தக் கடை பாக்கியத்தின் பெயரில் இருக்கிறது. சாவி எங்கள் வீட்டு சாமி அலமாரியில் இருக்கும்.

ஜூலை 14, வெள்ளி

சந்திரன் தட்டில் வெற்றிலை பாக்கோடு வீட்டுக்கு வந்தான்.

"ஆடி பொறந்துட்டா புதுக்கடை திறக்க முடியாதுல்ல அத்தான். அதான் ஞாயித்துக்கெழமை வெச்சிருக்கேன். அப்பா பேருலயே. குத்துவிளக்கு மார்க்கா."

அவன் அப்பாவுடைய மார்க்கா அது. இருபத்தைந்து வருஷமாக எந்தச் சாக்கிலும் ஏறாதது.

"நல்லாருப்பா" என்றேன். "சரக்கு யாருக்கு?"

"கொல்லத்துக்குத்தான். சுகுமாரன் மொதலாளி ஒத்துக்கிட்டாரு. ஆடிப்பெருக்குக்கு மொத மூட்டைய நான் தூக்குறேன்." அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஒங்க ஒடம்பு நெலம அவருக்குத் தெரியும் அத்தான்."

பாக்கியம் அவனுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். தட்டை வாங்கி சாமி அலமாரியில் வைத்தாள்.   

எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். தெரிந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தி என் பெண்டாட்டி.

ஜூலை 15, சனி

தங்கப்பழத்தை மண்டிக்குப் பின்னால் கூப்பிட்டேன்.

"எவ்வளவுக்குடா வித்த என்னைய?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உட்கார்ந்திருந்த மூட்டையிலிருந்து எழுந்தான்.

"நாற்பது வருஷம் ஒம் முதுகுல மூட்டைய ஏத்திவிட்டவன் நான், வெயிலு. ஒரு நாள், ஒரே ஒரு நாள் கை தவறியிருந்தா நீ இருந்திருப்பியா?"

"அதான் இப்பத் தவறவிட்டுட்டியே."

அவன்  மணிக்கட்டிலிருந்த கறுப்புக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து மூட்டைமேல் வைத்தான். "இத மதுரையில நாந்தான் வாங்குனேன். ஆனாலும் நீ கட்டிவிட்டதால காசிக் கயிறுன்னு நெனச்சுத்தான் போட்டிருந்தேன். வர்றேன் மொதலாளி."

சுற்றிலும் யாரும் இல்லை. ஆனாலும் முதலாளி என்றான்.

ஜூலை 19, புதன்

காலையில் சுகுமாரன் முதலாளி போனில் வந்தார்.

"அண்ணாச்சி, சுகந்தன்னே? காசின்னு சொல்லிட்டு மதுரையில மூணு ஓட்டை போட்டு வந்தீங்களாமே! எங்கிட்ட எதுக்கு மறைச்சது?" என்று சிரித்தார். "வருத்தம் வேண்டாம். வயசாயாச்சு. இனி பையன் சுமக்கட்டும். இனி நான் 'காசி'ன்னு கேட்டா ஆஸ்பத்திரின்னு அர்த்தம் வெச்சுக்குவேன்!"

போனை வைத்த பிறகும் காது அங்கேயே நின்றது. மூணு ஓட்டை.

தங்கப்பழத்திடம் நான் சொன்னது இருபது தையல். அவன் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தாலும் இருபது தையல் என்றுதான் போயிருக்கும். ஓட்டைகளை மூன்று வாரம் பஞ்சு வைத்துத் துடைத்தவள் ஒருத்திதான்.

அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முன்னால் போய் நின்றேன். நான் கேட்கும் முன்பே கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஆமா. நாந்தான் சொன்னேன். சாவியும் நாந்தான் குடுத்தேன்."

"ஏன்?"

"ஏழு வாரம் ஒரு நாள்னு காலண்டர்ல கோடு போட்டு வெச்சிருக்கீங்க. டாக்டரம்மா சொன்னத நானுந்தான கேட்டேன்? நூறு கிலோவத் தூக்கிட்டு நடுத்தெருவுல விழுவீங்க, நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா? கொல்லம் ஒங்க கையில இருக்கிற வரைக்கும் தூக்காம இருக்க மாட்டீங்க. அதான் கைய விட்டுப் போகட்டும்னு பாத்தேன்."

"என் உயிரக் காப்பாத்துறதுக்கா எனக்குக் குழி பறிச்ச?"

"அதுக்கு மட்டும்னு சொன்னா பொய்யாயிரும்." அவள் குரல் உயரவில்லை. "நீங்க மொத தடவை மூட்டை தூக்குன அன்னிக்கு எங்க அப்பா வாய் கோணி, கை வெளங்காமப் படுத்திருந்தாரு. ஜன்னல் வழியா லாரியவே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு. மருமகன் நம்ம மூட்டையத் தூக்குறான்னு கண்ணுல தண்ணி. கிட்டக்க வந்ததும் பாத்தா சாக்குல ஏணி போட்டிருக்கு. வெளக்கு எங்கன்னு கேக்கக்கூட அவருக்கு வாய் வரல. சந்திரனுக்கு அப்பப் பதினாலு வயசு. அவந்தான் அவரு தலையத் திருப்பி வெச்சான்."

"இருபத்தஞ்சு வருஷமா இதைச் சொல்லலையே நீ?"

"நீங்களும் சொல்லலையே."

இதை நிதானமாக எழுதுகிறேன். மாமனார் கடை சாய்ந்துகொண்டிருந்தது. யாராவது தோள் கொடுக்க வேண்டியிருந்தது. மூட்டை சுமந்த என் முதுகை நம்பித்தான் அவர் பெண் கொடுத்தார். மாமனார் படுத்துவிட்டதைக் கொல்லத்துக்காரரிடம் நான் போனில் சொன்னது உண்மை. சாக்கில் மை அடிக்கிற ஏணித் தகட்டை முந்தின வாரமே செய்து வைத்திருந்ததும் உண்மை. அது முன்யோசனை. இவர்கள் செய்தது துரோகம். ஒரு கட்டிலில் படுத்து, ஒரு தட்டில் கஞ்சி ஆற்றி, வராந்தாவில் போய் விற்றிருக்கிறாள்.

வெண்டைக்காய்ப் பொரியல் நன்றாக இருந்தது. சாப்பிடாமல் இருக்க முடியவில்லை. அதுதான் அவமானம்.

ஜூலை 20, வியாழன்

தங்கப்பழம் வீட்டுக்குப் போனேன். என் தப்பு என்றேன். "சரிங்க மொதலாளி" என்றான். உட்காரச் சொன்னான், மோர் கொடுத்தான். கிளம்பும் வரை வெயிலு என்று வரவில்லை.

ஜூலை 26, புதன்

ஆறு வாரம் முடிந்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு ஆறிவிட்டது என்றாள். வீட்டுக்கு வந்து அரிசிப் பையைத் தூக்கிப் பார்த்தேன், இருபத்தைந்து கிலோ. மூச்சை ஊதினபடி எழுந்தேன். வலிக்கவில்லை. இறக்கி வைத்தேன். இனி யாருக்குத் தூக்குவது?

ஆகஸ்ட் 3, வியாழன். ஆடிப்பெருக்கு

போகக் கூடாது என்றிருந்தேன். போனேன். போகாவிட்டால் ஊர் என்னவென்று பேசும்.

லாரிக்கு மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சை வைத்திருந்தார்கள். சுகுமாரன் முதலாளி என் கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். குத்துவிளக்கு போட்ட நூறு கிலோ மூட்டை. அந்தப் பக்கம் ஒரு ஆள், இந்தப் பக்கம் தங்கப்பழம். லோடுமேன் எல்லாக் கடைக்கும் பொது. தங்கப்பழம் தூக்கிவிடத்தான் வேண்டும்.

சந்திரன் சட்டையைக் கழற்றிவிட்டு, தலையில் துண்டு கட்டி, குனிந்து நின்றான். கல்லாவில் வளர்ந்த உடம்பு, வெண்ணெய் மாதிரி முதுகு. பாதம் இரண்டும் ஒட்டி நின்றன. முட்டி மடங்கவில்லை. இடுப்பிலிருந்தே வளைந்திருந்தான். மூச்சை இழுத்துக் கன்னத்தை உப்பிப் பிடித்துக்கொண்டான். நான் நாற்பது வருஷம் நின்ற மாதிரியே, அதைவிட மோசமாக.

"காலை அகட்டுப்பா" என்றான் தங்கப்பழம்.

சந்திரன் குனிந்தபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். கண்ணில் பயம் இருந்தது. பதினாலு வயதில் என் வீட்டுக்கு வந்தபோது இருந்த அதே கண்.

"அத்தான், நிக்கிறது சரியா இருக்கா?"

தெரு முழுக்கக் காத்திருந்தது. ஒரு வார்த்தைதான்.

"சரியாத்தான் இருக்கு" என்றேன்.

"அத்தானே சொல்லிட்டாரு, ஏத்துங்க" என்றான்.

ஏற்றினார்கள். கழுத்து நரம்பு புடைக்க ஒன்பது எட்டு வைத்து லாரியில் போட்டான். கைதட்டினார்கள். சுகுமாரன் முதலாளி வேட்டு போடச் சொன்னார். தங்கப்பழம் கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னையே பார்த்தான். அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

வீட்டில் பாக்கியம் வாசலில் நின்றிருந்தாள். "எப்படித் தூக்குனான்?"

"நல்லாத்தான் தூக்குனான்."

அவள் கண் கலங்கியது. அப்பா ஞாபகம் போல.

அக்டோபர் 9, திங்கள்

இரண்டு மாதமாக லாரி நம்பர்தான் எழுதினேன். அதுவும் அதிகம் இல்லை. சந்திரன் கடையில் ஒவ்வொரு லோடுக்கும் முதல் மூட்டையை அவனே தூக்குகிறானாம். பேர் வாங்கிவிட்டான்.

இன்று பாக்கியம் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"சந்திரனுக்கு இடுப்புக்குக் கீழ வீங்கியிருக்காம். காலையில அழுத்துனா உள்ள போயிருதாம். ஒரு வாரமா யாருகிட்டயும் சொல்லல. எங்கிட்ட அழுகுறான்."

"எந்தப் பக்கம்?"

"வலது."

நளாயினி டாக்டர் நம்பரைக் கொடுத்தேன். முந்தின நாள் என்ன சாப்பிடலாம், எந்த வார்டில் காற்று வரும், தும்மினால் தலையணை என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு என் கையைப் பிடித்தாள். ஜூலைக்கு அப்புறம் இப்போதுதான்.

"ஐயப்பன் சீசன் லோடு ஏத்துற நேரம். கொல்லத்துக்காரருக்குத் தெரிஞ்சா கைவிட்டுப் போயிரும்னு பயப்படுறான். நீங்க அவருகிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க. எனக்காக."

"ஆபரேஷன்னு ஒரு வார்த்தை என் வாயில இருந்து வராது" என்றேன். சாமி படத்தின் மேல் சத்தியமாக என்று சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

அக்டோபர் 11, புதன்

சந்திரனை மதுரையில் சேர்த்தாகிவிட்டது. நாளைக்கு ஆபரேஷன்.

பதினொரு மணிக்குக் கொல்லத்துக்குப் போன் போட்டேன். பாக்கியம் அடுப்படியில் இருந்தாள். மெதுவாகப் பேச நினைத்தேன், ஆனால் அந்த லைனில் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது. நலம் விசாரித்தேன். மழை விசாரித்தேன். சந்திரன் போனை எடுக்கவில்லையே, எங்கே என்று அவரேதான் கேட்டார்.

"காசிக்குப் போயிருக்கான் மொதலாளி" என்றேன்.

அவர் சிரித்தார். "மனசிலாயி அண்ணாச்சி, புரிஞ்சுது. அப்போ சீசன் லோடு? மொதல் மூட்டை யாரு?"

"நான் இருக்கேன்ல."

சத்தியத்தை மீறவில்லை. ஆபரேஷன் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வரவே இல்லை. நாலு மாதம் ஆகிவிட்டது. காலை அகட்டி, மூச்சை ஊதித் தூக்கினால் ஒன்றும் ஆகாது. ஏணித் தகட்டைத் தேடி எடுத்து மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். மை காய்ந்து போயிருந்தது.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். என் தட்டில் எண்ணெய்க் கத்திரிக்காய் விழுந்தது. பிஞ்சுக் காய், காம்போடு முழுசாக. ஜூனிலிருந்து என் தட்டுக்கு வராதது. நிமிர்ந்து பார்த்தேன்.

"காசியில விட்டாச்சே?"

"நீங்க எங்க எதை விட்டீங்க?" என்றாள் பாக்கியம். "தின்னுங்க."

கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டு அவள் துணிப்பையை எடுத்துக்கொண்டு மதுரை பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள்.

ஐந்து காய் இருந்தது. உப்பு, புளி எல்லாம் அளவாக இருந்தது. ஐந்தையும் தின்றேன்.